ஆடி மாதக் கையிருப்பு

காலை மணி ஒன்பது நாற்பது. முதலில் என் கண்ணில் பட்டது மூடி கழற்றாத ஒரு பேனா.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அந்த ஜவ்வரிசி மில்லின் கிடங்கும் அலுவலகமும் ஒரே கட்டடத்தில் இருந்தன. வாசலில் நாகபுரிக்குப் போகும் லாரி. தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. டிரைவர் கற்பூரம் காட்டி, முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, ஏறி உட்கார்ந்தார். பழம் நசுங்கிற்று. வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. குமாஸ்தா விற்பனைப் புத்தகத்தை விரித்து, நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணியின் முன்னால் வைத்தார்.

“எழுதிருங்கம்மா. வண்டி போயிருச்சு.”

“வண்டி போயிருச்சுங்க,” என்றார் அவர். “வித்துருச்சுன்னு யாரு சொன்னாங்க?”

குமாஸ்தா உள்ளறையைப் பார்த்தார். உள்ளறையிலிருந்து முதலாளி பதில் சொன்னார். “அம்மிணி, வண்டி வாசல் தாண்டினா வித்தாச்சு. எங்கப்பன் காலத்திலருந்து இங்க அதான் கணக்கு.”

பேனாவின் மூடி கழன்றது. அந்தப் பெண்மணி எழுதினார். பிறகு தன் மேசைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் ‘நாகபுரி’ என்று குறித்து, அதற்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டார். வேலைக்குச் சேர்ந்து அது அவருக்கு மூன்றாவது நாள்.

எழுபதுகளின் கடைசி அது. ஒரு நாளிதழுக்காக மஞ்சள், வெல்லம், ஜவ்வரிசி விலைகளைச் சேகரிப்பது என் வேலை. தினமும் காலையில் அந்த அலுவலகத்துக்குப் போவேன். அதுவரை விலை சொன்னது குமாஸ்தா. அன்றிலிருந்து அந்த அம்மா.

மில்லில் எல்லோரும் அவரைக் கணக்கம்மா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். புதுச்சத்திரத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். கணவருக்கு மத்திய அரசு வேலை. மாற்றலில் பல வருடம் பம்பாயில் இருந்துவிட்டுச் சேலத்துக்கு வந்திருந்தார்கள். பம்பாயில் ஓர் அமெரிக்க மருந்துக் கம்பெனியின் கிளையில் தட்டச்சராகச் சேர்ந்து, தபாலில் படித்துத் தேறி, கணக்குப் பிரிவுக்கு மாறியவர். பேச்சில் பம்பாய் ஒட்டவே இல்லை. புதுச்சத்திரத்தில் அவருடைய அண்ணன் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பயிர் செய்து, விளைந்ததை எல்லாம் இதே மில்லுக்குத்தான் போட்டார். அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடம் அமைகிற வருடத்துக் கிழங்குக் காசில் கல்யாணம் என்பது அந்த வீட்டில் முடிவான விஷயம்.

எதையும் ‘வந்துவிட்டது’ என்று அவர் எளிதில் சொல்லமாட்டார். டிரங்க் கால் போட்டுக் காத்திருக்கும்போது ஆபரேட்டர் “பம்பாய் வந்திருச்சு, பேசுங்க” என்றால், “கொரல் வரட்டுங்க” என்பார். கணவர் கிளம்பிவிட்டார் என்று யாராவது தகவல் சொன்னால், எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பார். ஒருநாள் என்னுடைய செய்தித்தாளையே மேசையில் விரித்து வைத்திருந்தார்.

“ஏனுங்க தம்பி, ஜவ்வரிசி விலை ஏறிச்சுன்னு போட்டிருக்கீங்க. ஏறின விலைக்கு வாங்கினது யாருங்க?”

“வியாபாரிங்க அந்த விலை கேட்டாங்க.”

“கேட்டாங்கன்னு போடுங்க. ஏறிச்சுன்னு போட்டா எங்க முதலாளி இன்னிக்கே செலவு பண்ணிருவாருங்க.”

போகப்போவதை மட்டும் அவர் உடனே எழுதிவிடுவார். கிடங்குக் கூரையில் ஓர் ஓடு விரிசல் விட்டிருப்பதாகக் காவலாளி சொன்னான். அப்போதே மழைக்காலத்து ரிப்பேருக்கு ஒரு தொகை ஒதுக்கினார். “ஓடு இன்னும் ஒடையலீங்களே” என்றான் அவன். “ஒடைஞ்சுதானே ஆவும்” என்றார். மழைக்காலம் முடிந்தும் ஓடு உடையவில்லை. அவர் அந்தத் தொகையை எடுக்கவும் இல்லை. முதலாளி எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிச் சிரித்தார். “அம்மிணிகிட்டச் சம்பளம் குடுத்தாக்கூட நாளைக்குத் தொலைஞ்சு போயிரும்னு இன்னைக்கே எழுதி வச்சிரும்.” கணக்கம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பென்சில் சீவினார்.

கவலை வந்தால் பென்சில் சீவுவது அவர் பழக்கம். கூராக இருக்கும் பென்சிலையே மேலும் சீவுவார். மேசைக்கடியில் கிடக்கும் சீவலைப் பார்த்தே அன்று விலை கேட்பதா, நாளைக்கு வருவதா என்று நான் முடிவு செய்வதுண்டு.

பம்பாய்க் கதையை ஒரே முறைதான் சொன்னார். அவர் வேலை பார்த்த கிளையில் கணக்கை இரண்டு தடவை எழுதுவார்களாம், இந்தியச் சட்டத்துக்கு ஒன்று, அமெரிக்கத் தலைமை அலுவலகத்துக்கு ஒன்று. ஒரு வருடம் இந்தியக் கணக்கில் லாபமும் அமெரிக்கக் கணக்கில் நஷ்டமும் வந்தன. மருந்து அதேதான், வாங்கினவர்களும் அதே ஆட்கள், பெட்டியில் இருந்த பணமும் அதேதான். இங்கே ஊழியர்களுக்கு போனஸ் கொடுத்தார்கள். அங்கே கிளை மேனேஜரை வேலையைவிட்டு எடுத்தார்கள்.

“அப்ப எதுங்க நெஜம்?” என்று கேட்டேன்.

“ரெண்டும் நெசந்தானுங்க. ரெண்டையும் முறைப்படிதான் எழுதினோம். அந்த மேனேஜரு போறன்னிக்கு எங்கிட்ட வந்து, நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்னு கேட்டாரு. ரெண்டு கணக்கையும் எடுத்துக் காட்டினேனுங்க.” கூராக இருந்த பென்சிலை எடுத்துச் சீவினார். “அன்னையிலருந்து லாபம்னு யாராச்சும் சொன்னா காசு எங்கீங்கன்னுதான் கேக்கறேனுங்க.”

அடுத்த வருடம் ஐப்பசியில் மில்லுக்கு மேற்கு ஜெர்மனியிலிருந்து ஓர் எந்திரம் வாங்கும் பேச்சு வந்தது. கிழங்குப் பாலிலிருந்து மாவைச் சுழற்றிப் பிரிக்கிற எந்திரம். அதுவரை தொட்டியில் மணிக்கணக்கில் படியவிட்டுத்தான் மாவு எடுத்தார்கள். இறக்குமதி லைசென்ஸ் கிடைத்துவிட்டது. விலையை ஆறு மாதத்துக்கொரு தவணையாகக் கட்டலாம். இங்குள்ள வங்கி ஜாமீன் நிற்கும். தவணை தவறினால் மில்லும் முதலாளியின் நிலமும் வங்கிக்குப் போகும். எந்திரக் கம்பெனி கேட்டது ஒன்றுதான். வரும் வருடங்களில் மில்லுக்குக் கைக்காசு எப்படி இருக்கும் என்று ஒரு மதிப்பீடு வேண்டும்.

கணக்கம்மா நான்கு தாள் தயார் செய்தார். முதல் தாள் மில்லின் வழக்கப்படி எழுதியது. வண்டி வாசல் தாண்டியது எல்லாம் விற்பனை, கிடங்கில் இருக்கும் சரக்குக்கு அன்றைய மார்க்கெட் விலை. இரண்டாவது ஜெர்மன்காரர்கள் எழுதுகிற விதம். சரக்குக்கு அடக்க விலைதான், மார்க்கெட் அதற்கும் கீழே இறங்கினால் இறங்கிய விலை. எந்திரத் தேய்மானத்தில் பெரும்பங்கை முதல் சில வருடங்களிலேயே கழித்துவிடுவார்கள். வராமல் போகக்கூடிய பாக்கிக்கும் நாளைய ரிப்பேருக்கும் இன்றே ஒதுக்கிவிடுவார்கள். மூன்றாவது, அவர் பம்பாயில் பழகிய அமெரிக்க முறை. அதில் தேய்மானம் வருடா வருடம் ஒரே அளவு. மூன்று தாளிலும் கீழே மூன்று லாபம். முதல் தாளின் லாபம் இரண்டாவதைப் போல மூன்று மடங்கு.

நான்காவது தாளில் லாபம் என்ற சொல்லே இல்லை. சித்திரையிலிருந்து பங்குனி வரை மாதங்கள், உள்ளே வரும் காசு, வெளியே போகும் காசு. அவ்வளவுதான்.

“எல்லாரும் லாபத்துல ஆரம்பிச்சுத்தான் கைக்காசுக்கு எறங்கி வருவாங்க” என்று எனக்கு விளக்கினார். “தேய்மானத்தக் கூட்டு, பாக்கியக் கழி, சரக்கக் கழின்னு. ஒவ்வொரு ஊர்லயும் படி ஒவ்வொரு ஒயரமுங்க. நம்மூருப் படின்னு நெனச்சு அந்தூருப் படியில கால் வச்சா என்ன ஆவும்?”

நான்காவது தாளில் ஆடிக்கு நேரே காசு பற்றாத தொகையைச் சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தார். காரணம் எளிமையானது. மராட்டிய நாட்டில் விரத மாதம் வருவது அப்போதுதான். விரதத்துக்கு அவர்கள் ஜவ்வரிசி சாப்பிடுவார்கள். ஆகவே ஆனியிலும் ஆடியிலும் நாள் தவறாமல் வண்டிகள் கிளம்பும். மில் கணக்குப்படி வருடத்திலேயே அதிக லாபம் அந்த மாதங்களில்தான். ஆனால் அந்த ஊர் வியாபாரிகள் சரக்கை விற்று, நவராத்திரி முடிந்தபிறகுதான் பணம் அனுப்புவார்கள். அது வந்துசேர ஐப்பசி ஆகும். இடையில் ஆடி பதினெட்டுக்குள் கிழங்கு போட்ட விவசாயிகளுக்கு மீதிப் பணம் முழுவதையும் தீர்ப்பது மில்லின் வழக்கம். பெட்டி காலியாக இருக்கும் மாதம்தான் லாபம் கொட்டும் மாதம். எந்திரம் தையில் கப்பலேறினால், முதல் தவணையும் அதே ஆடியில் வந்து விழும்.

“ஆடியில விழுற அந்தப் பள்ளம் நெசமுங்க தம்பி,” என்றார். மேசைக்கடியில் சீவல் குவிந்திருந்தது.

முதலாளிக்கு அந்தத் தாளைப் பிடிக்கவில்லை. அவர் ஜெர்மன் கம்பெனியின் ஆண்டறிக்கையை வரவழைத்து, அதில் லாபம் இருக்கும் பக்கத்தைக் கணக்கம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டதும் முகம் மலர்ந்தது.

“இத்தாப் பெரிய கம்பெனி, லாபம் இம்புட்டுத்தானா? அப்ப அவன் தவிச்சுக்கிட்டிருக்கான் அம்மிணி. நம்ம ஆர்டரு அவனுக்கு வேணும்.”

“இல்லீங்க. அவங்க ஊர்ல லாபத்தக் கொறச்சுத்தான் எழுதுவாங்க. உள்ள நெறைய ஒளிச்சு வச்சிருப்பாங்க.”

“லாபத்த யாராச்சும் ஒளிப்பாங்களா?” என்றவர் கொஞ்சம் யோசித்தார். “வரிக்காரனுக்கு ஒளிப்போம். சரி. ஊருக்கே அச்சடிச்சுக் குடுக்கறதுலயுமா ஒளிப்பான்? அவன் என்ன கிறுக்கனா?”

கார்த்திகையில் ஜெர்மன்காரர் வந்தார். வெயிலில் சிவந்த கழுத்து, அரைக்கைச் சட்டை. சோடா தவிர வேறெதையும் குடிக்கவில்லை. செய்தி போட வேண்டும் என்று முதலாளி என்னையும் வரச் சொல்லியிருந்தார். முதலாளிக்கு ஆங்கிலம் வராது. கணக்கம்மாதான் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்.

ஜெர்மன்காரர் முதலில் கேட்டது மில்லின் சொந்தக் கணக்கை. அந்த லாபத்தைப் பார்த்துத் தலையசைத்தார். “இவ்வளவு லாபத்தை வெளியில் காட்டுகிறீர்கள். அப்படியானால் உள்ளே இதைவிட அதிகம் இருக்கும்” என்றார்.

“இல்லை. இங்கே வெளியில் காட்டுவதுதான் அதிகம். உள்ளே இருப்பது குறைவு” என்றார் கணக்கம்மா. என் குறிப்பில் அது அப்படியே இருக்கிறது.

ஜெர்மன்காரர் நான்காவது தாளை எடுத்து ஆடி மாதத்துச் சிவப்பில் விரலை வைத்தார். கணக்கம்மாவை மரியாதையாகப் பார்த்துப் புன்னகைத்தார். “நல்ல கணக்காளர் நீங்கள். எங்கள் ஊரிலும் நல்லவர்கள் இப்படித்தான் எங்காவது ஒரு பள்ளம் தோண்டி வைப்பார்கள். எத்தனையோ கம்பெனிகளின் கணக்கு பார்த்தவன் நான். அந்தப் பள்ளத்தை நிரப்பித்தான் படிப்பேன்.”

“இது நான் தோண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கிறது.”

“அவர்களும் அதையேதான் சொல்வார்கள்.”

“என்ன அம்மிணி சொல்றாரு?” என்றார் முதலாளி.

“பள்ளத்த நம்பமாட்டேங்கறாருங்க.”

“பாத்தியா? வெளிநாட்டுக்காரனே நம்பல.” முதலாளி என் பக்கம் திரும்பினார். “போட்டோக்காரன் வந்தானா தம்பி?”

அன்று கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று என்று கணக்கம்மா காலையிலேயே முதலாளியிடம் சொல்லியிருந்தார். முதல் தவணையை ஆடியிலிருந்து அடுத்த தைக்குத் தள்ளிக் கேட்க வேண்டும். தையில் பெட்டியில் பணம் இருக்கும். ஆனால் முதலாளி முதலில் விலைக் குறைப்பு கேட்டார், பிறகுதான் தேதி. ஜெர்மன்காரர் தாளில் ஏதோ கணக்குப் போட்டார். இரண்டில் ஒன்று தரலாம், விலையில் கொஞ்சம் குறைக்கலாம் அல்லது தேதியைத் தள்ளலாம் என்றார். கணக்கம்மா அதைத் தமிழில் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், “தேதியக் கேளுங்க” என்றார்.

“ஏன் அம்மிணி, ஆடியிலதான நமக்கு லாபம் கொட்டுது? லாபம் வர்ற மாசத்துல கட்டாம, வராத மாசத்துலயா கட்டச் சொல்றே?”

“ஆடியில வர்றது லாபமுங்க. காசு ஐப்பசியிலதானுங்க வருது.”

“வெலையக் கொறைக்கச் சொல்லு.”

கணக்கம்மா நான்காவது தாளை மடித்து வைத்தார். ஜெர்மன்காரர் சோடாவை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார். பிறகு கணக்கம்மா ஆங்கிலத்தில், முதலாளி விலைக் குறைப்பை எடுத்துக்கொள்கிறார் என்றார். சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

மறுநாள் செய்தி வந்தது. போட்டோவில் முதலாளியும் ஜெர்மன்காரரும் கைகுலுக்குகிறார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் போட்டோவில் இல்லை.

மாசியில் எந்திரம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. பங்குனியில் கணக்கம்மா, ஆடியில் விவசாயிகளுக்குத் தர வேண்டிய கிழங்குக் காசுக்கென்று வங்கியில் தனியாக ஒரு கணக்குத் தொடங்கி, வாராவாரம் கொஞ்சம் போட்டு வந்தார். சித்திரையில் முதலாளி அதை எடுத்து எந்திரத்துக்கு மேடையும் கொட்டகையும் கட்டினார். “அத்தன காசு போட்டு வாங்கினது மழைல நிக்கறதா?” என்றார்.

அதே நாட்களில் அண்ணன் மகளுக்கு இடம் அமைந்தது. பரமத்தி வேலூர்ப் பையன். போர்வெல் வண்டியில் மெக்கானிக்காக இருந்து குவைத்துக்குப் போனவன். ஆவணியில் லீவில் வந்து, புரட்டாசி பிறந்ததும் திரும்ப வேண்டும். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்துத்தான். ஆகவே ஆவணியிலேயே கல்யாணம். பையனின் பெற்றோர் வந்து வைகாசியில் நிச்சயம் செய்வதாக ஏற்பாடு.

நிச்சயத்துக்குக் கணக்கம்மா என்னையும் அழைத்திருந்தார். தோட்டத்து வீட்டின் முன்னால் பந்தல். சாப்பாட்டு நேரம் நெருங்கியது. சைக்கிளில் வந்த ஒருவர், மாப்பிள்ளை வீட்டார் கார் நாமக்கல் தாண்டிவிட்டது என்றார். சமையற்காரர் வாழையிலைக் கட்டை அவிழ்த்தார்.

“இல போடாதீங்க,” என்றார் கணக்கம்மா.

“நாமக்கல் தாண்டிட்டாங்கம்மா.”

“இங்க வந்து எறங்கட்டுங்க.”

அண்ணன் பந்தல்காலில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “எம் பொறந்தவள மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வந்து தொட்டுப் பாக்கச் சொல்லோணும். அப்பத்தான் வந்தாங்கன்னு நம்பும்.”

பந்தலே சிரித்தது. கார் வந்து நின்ற பிறகு இலை போட்டார்கள்.

சாப்பாடு முடிந்து, தாம்பூலம் மாற்றியபின், கிணற்றடியில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். கை கழுவப் போயிருந்தேன்.

“அண்ணா, மில்லுக் காசு கைக்கு வந்தப்புறம் நகைக்கு அட்வான்ஸ் குடுங்ணா.”

“ஆடிப் பதினெட்டுக்கு வந்துருமில்ல?”

“வரலீன்னா?”

“நம்மப்பன் காலத்திலருந்து அந்த மில்லு ஆடிப் பதினெட்ட தவறினதில்ல அம்மிணி.”

“இந்த வருசம் வேற வழி ஏதாச்சும் பாத்து வச்சுக்கோணுங்ணா. நான் சொல்றேன்.”

“நீ எப்பத்தான் சொல்லல?” என்று சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் பந்தலுக்குப் போனார்.

திரும்பும்போது சேலம் பஸ்ஸில் கணக்கம்மாவும் கணவரும் முன்னால், நான் பின்னால். ராசிபுரம் பிரிவு தாண்டியதும் கணக்கம்மா என் பக்கம் திரும்பினார். “முழுசாச் சொல்ல முடியலீங்க தம்பி. மில்லுல காசில்லைன்னு எங்க அண்ணன்கிட்டச் சொன்னா, அவரு பக்கத்துத் தோட்டத்துல சொல்லாம இருக்கமாட்டாரு. நாளைக்குக் காலைல கெழங்கு போட்டவங்க அத்தன பேரும் வாசல்ல நிப்பாங்க. ஆடியில வரவேண்டிய பள்ளம் வைகாசியிலயே வந்துரும். யாருக்குமே கெடைக்காது.” கணவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “இத எழுதிராதீங்க.”

எழுதவில்லை. எழுதுவதற்கு இன்னும் ஒன்றும் நடந்திருக்கவில்லை.

ஆனி பிறந்தது. தினமும் வண்டிகள் கிளம்பின. நாகபுரி, பூனா, பம்பாய். குமாஸ்தா புத்தகத்தை நீட்ட நீட்டக் கணக்கம்மா எழுதினார். மில்லின் வரலாற்றிலேயே இல்லாத லாபம் என்று முதலாளி அலுவலகத்துக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தார். கணக்கம்மா தன் பங்கைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டார். பம்பாய்க்குத் தினம் டிரங்க் கால் போட்டார். முன்பணமாகப் பாதியாவது அனுப்பச் சொல்லி வியாபாரிகளை இந்தியில் கெஞ்சினார். ஒருவர் கொஞ்சம் அனுப்பினார். மற்றவர்கள், நவராத்திரிக்குப் பிறகுதானே எப்போதும் என்றார்கள். அதில் தவறு சொல்ல முடியாது. வங்கியில் கூடுதல் கடன் கேட்டு முதலாளியை அழைத்துப் போனார். மேனேஜர் மில்லின் கணக்கைப் புரட்டிவிட்டு, “இவ்வளவு லாபம் இருக்கும்போது கடன் எதற்கு?” என்று கேட்டாராம். அன்று நான் விலை கேட்கவில்லை.

ஆடி பதினெட்டுக்கு முந்தைய நாள் தவணைத் தேதி. வங்கி மூலமாகப் பணம் போய்விட்டது. முதலாளிக்கு வேறு வழி இருக்கவில்லை. கட்டாவிட்டால் மில்லே போய்விடும்.

மறுநாள் காலையில் செவ்வாய்ப்பேட்டை வாசலில் விவசாயிகள் நின்றார்கள். பலருக்கு அது கோயிலுக்குப் போகும் நாள், புதுத் துணியில் வந்திருந்தார்கள். முதலாளி வாசலில் நின்று, கும்பிட்டு, இந்த ஒரு தடவை ஐப்பசி வரை பொறுக்க வேண்டும் என்றார். பிறகு ஒருவர், “மிஷினுக்குக் குடுக்கக் காசு இருந்துச்சுங்களா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

அண்ணன் கூட்டத்தில் பேசவில்லை. உள்ளே வந்து கணக்கம்மாவின் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எத்தன நாளு அம்மிணி?”

“ஐப்பசிங்ணா.”

“நகைக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. சமையலுக்குக் குடுத்தாச்சு. மீதிக்கு யாருகிட்டப் போயி நிப்பேன்? எனக்குக் கைமாத்து குடுக்கறவனெல்லாம் வெளிய வாசல்ல நிக்கறான்.”

“எந் நகைய எடுத்துக்குங்ணா.”

“பொறந்தவ கழுத்துல கெடந்தத அவுத்துக் கல்யாணம் பண்ணினான்னு நாளைக்கு வேலூர்க்காரன் சொல்றதுக்கா?”

அவர் எழுந்தார். கதவருகே போய் நின்று, திரும்பாமல் பேசினார். “நீ சொன்னேதான். இல்லைங்கல. ஆனா நீ எல்லாத்துக்குந்தான சொல்லுவே.”

கணக்கம்மா பென்சிலைக் கையில் எடுத்தார், சீவவில்லை. அன்று விற்பனைப் புத்தகத்தில் இரண்டு வண்டிகளை எழுதினார். நான் போகும்போது என்னைக் கூப்பிட்டு அன்றைய விலையைச் சொன்னார். கேட்ட விலை, வாங்கின விலை, இரண்டையும் தனித்தனியே.

ஐப்பசி மூன்றாம் வாரம் நாகபுரியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பணம் வந்தது. அவருடைய நான்காவது தாளில் இருந்த தொகைக்கும் வந்த தொகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே வாரத்தில் விவசாயிகள் எல்லோருக்கும் பாக்கி இல்லாமல் கொடுத்துத் தீர்த்தார்கள். எந்திரம் நன்றாக ஓடியது. எண்பதுகளில் மில் இன்னொரு எந்திரமும் வாங்கியது. கணக்கம்மா அதற்குள் அங்கே இல்லை. கணவருக்கு மறுபடி மாற்றல்.

ஆவணியில் கல்யாணம் நடக்கவில்லை; குவைத் பையன் புரட்டாசி முதல் வாரத்தில் திரும்பிப் போய்விட்டான். அண்ணன் மகளின் கல்யாணம் அடுத்த தையில் புதுச்சத்திரத்தில் நடந்தது. மாப்பிள்ளை வேறு ஆள்.